வீட்டுவழிக் கல்விக்குப் பாடநூல் தேடும் பெற்றோருக்கு

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பது என்று முடிவெடுத்த குடும்பங்களில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரு பெரிய கொள்முதல்தான். பள்ளி என்ற ஏற்பாடு கையை விட்டுப் போனதால் வரும் அச்சத்தை, வாரவாரியாகத் திட்டமிட்டுத் தரப்பட்ட ஒரு முழுத் தொகுப்பு போக்கிவிடும் என்று மனம் நம்புகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. மூத்த மகளுக்கு 6 வயதானபோது, 36 வாரங்களுக்கு வகுக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் தொகுப்பை, நூல்களின் விலைக்கு ஏறக்குறைய இணையான அனுப்புச் செலவும் கொடுத்து வரவழைத்தோம். நூல்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் கணக்கு நூலின் தொடக்கப் பாடங்களிலேயே நிக்கல், டைம், குவார்ட்டர் என்ற நாணயங்களைக் கூட்டச் சொன்னார்கள், "இதை அண்ணாச்சி கடையில் கொடுத்தால் வாங்குவாரா?" என்று மகள் கேட்டாள். பருவங்களைப் பற்றிய பாடம் இலையுதிர்விலும் பனிப்பொழிவிலும் சுழன்றுகொண்டிருக்க, எங்கள் வாசலில் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தமிழுக்கு அந்தத் தொகுப்பில் இடமே இல்லை. மூன்றாம் மாதம் அது பரணுக்குப் போயிற்று. அதைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. அது வேறொரு மண்ணில் வளரும் குழந்தைக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

அதன் பிறகு இரண்டு பிள்ளைகளுக்குமாகப் பல ஆண்டுகள் தேடியும், வாங்கியும், திருப்பிக் கொடுத்தும் கற்றுக்கொண்டதை, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். நூலைத் தேடுவதற்கு முன் இரண்டு செய்திகளை முடிவுசெய்துகொள்ள வேண்டும்: பிள்ளை எந்தத் தேர்வின் வழியாக வெளியுலகுக்குச் செல்லப் போகிறது, எந்த மொழியில் சிந்தித்துப் படிக்கப் போகிறது. இவை இரண்டும் தெளிவானால், சந்தையில் உள்ள நூல்களில் முக்கால்வாசி தாமாகவே விலகிவிடும்.

தேர்வு வழி

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை உரிமையாக்கியது. வீட்டுவழிக் கல்வியைப் பற்றி அச்சட்டம் தனியாக எதுவும் கூறவில்லை. ஆகவே எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்று நமக்குக் கட்டளையிடும் அலுவலகமும் இல்லை. இந்தச் சுதந்திரம் பலரைக் குழப்புகிறது. ஆனால் பின்னாளில் எழுதப்போகும் தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் குழப்பம் குறையும்.

நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தை, அதாவது என்.ஐ.ஓ.எஸ். தேர்வை. 14 வயது நிறைந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு இணையான இடைநிலைத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையென்றால் தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாம். ஒரு மொழியாவது உள்ளடங்க ஐந்து பாடங்கள் போதும். கணக்கு, அறிவியல் என்பவற்றோடு ஓவியம், மனையியல், உளவியல், வணிகம் போன்றவையும் பட்டியலில் இருப்பதால், பிள்ளையின் நாட்டத்துக்கேற்பப் பாடங்களைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு என்பதால், ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பாடநூல்களை அந்நிறுவனமே தருகிறது. இணையதளத்திலும் இலவசமாக வைத்திருக்கிறது. தாமே படித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை என்பது அவற்றின் பலம். கணக்கில் மட்டும் அவற்றிலுள்ள பயிற்சிகள் என் பிள்ளைகளுக்குப் போதவில்லை, நடுவண் அரசின் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்களையும், 6ஆம் வகுப்பிலிருந்து அது வெளியிடும் மாதிரிக் கணக்குத் தொகுப்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டோம்.

பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். கட்டணம் பல மடங்கு அதிகம், தேர்வு மையத்தை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அறிவியல் பாடங்களில் ஆய்வகச் செய்முறைக்கு மாற்றாக ஓர் எழுத்துத் தாள் இருப்பது, ஆய்வக வசதி இல்லாத வீடுகளுக்கு உதவியானது. மாநில வாரியத்தின் தனித்தேர்வர் வழியும் உண்டு. அந்த வழியில் செல்பவர்களுக்கு நூல் பற்றிய கேள்வியே எழாது, மாநிலப் பாடநூல்தான்.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும், 11 அல்லது 12 வயது வரை எந்த வாரியத்துக்கும் பிள்ளையைக் கட்டிப்போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதுவரை வேண்டியவை சரளமான வாசிப்பு, தயக்கமில்லாத எழுத்து, எண்ணைப் புரிந்த கணக்கு, உற்றுநோக்கும் பழக்கம் ஆகிய நான்குதான். அந்த நான்கையும் எந்த நூல் வளர்க்கிறதோ அது நல்ல நூல்.

பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது

வயதைப் பார்த்து நூல் வாங்குவது, தோழியின் பிள்ளைக்கு எடுத்த அளவில் நம் பிள்ளைக்குச் சட்டை தைப்பதைப் போன்றது. குறிப்பாகப் பள்ளியிலிருந்து இடையில் நின்ற பிள்ளைகளுக்குத் தமிழில் இரண்டாம் வகுப்பும், ஆங்கிலத்தில் நான்காம் வகுப்பும், கணக்கில் மூன்றாம் வகுப்பும் ஒரே நேரத்தில் பொருந்தக்கூடும். அதனால் வகுப்பு என்ற சொல்லை மறந்துவிட்டு, பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக நிலையைக் கண்டறிய வேண்டும்.

வாசிப்புக்கு எளிய வழி விரல் எண்ணும் முறை. ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் நூல் கடினம். ஒரு விரலும் மடங்காவிட்டால் தனியே இன்பமாகப் படிக்க ஏற்றது. இரண்டு மூன்று விரல் மடங்குவது பாடமாகப் படிக்க ஏற்றது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இதைத் தனித்தனியே செய்து பாருங்கள்.

கணக்கில், விடை சரியா என்பதைவிட எண் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். 143 என்று எழுதிக்காட்டி, இதில் எத்தனை பத்துகள் இருக்கின்றன என்று கேளுங்கள். நான்கு என்று சொல்லும் பிள்ளைக்கு இடத்தின் பெயர் தெரியும். பதினான்கு என்று சொல்லும் பிள்ளைக்கு எண்ணே தெரியும். முதல் விடை வந்தால், பிள்ளை எத்தனை இலக்கக் கழித்தலைச் சரியாகச் செய்தாலும், இடமதிப்பைப் பொருள்களைக் கொண்டு கற்பிக்கும் நூலிலிருந்து தொடங்குங்கள். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்ற கேள்வியும் அப்படிப்பட்டதே. நான்கு மூன்றைவிடப் பெரியது என்பதால் நான்கில் ஒன்றுதான் பெரியது என்று பத்து வயதுப் பிள்ளைகளும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சோதனைகளை ஒரு வாரத்தில், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்ற அளவில் பேச்சுவாக்கில் செய்துவிடலாம். தேர்வு என்ற பெயரைச் சொல்லாதீர்கள். கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். நூல் வாங்கும்போது கையில் இருக்க வேண்டியது அந்த நோட்டுதான்.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை

பள்ளியின் மேல் உள்ள வருத்தத்தால் பலர் பள்ளிப் பாடநூலையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் முதல் ஆண்டு அப்படி ஒதுக்கினேன், அது தவறு. தமிழ்நாட்டின் பாடநூல்கள் 2018லும் 2019லும் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டவை. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தளத்தில் அனைத்தும் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் பிரதியின் விலையும் தனியார் நூல்களோடு ஒப்பிட மிகக் குறைவு. கீழ் வகுப்புகளுக்கு மூன்று பருவங்களாகப் பிரித்திருப்பதால், பொருந்தும் பருவத்து நூலை மட்டும் வாங்கினால் போதும். பாடங்களில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் திக்ஷா தளத்தில் உள்ள காணொளிகளுக்கு இட்டுச் செல்லும்.

இந்த நூல்களுக்கு நான் கண்ட மிகப் பெரிய பயன், தமிழ்வழி நூலும் ஆங்கிலவழி நூலும் ஒரே பாட வரிசையில் அமைந்திருப்பதுதான். அறிவியல் நூலை இரண்டு மொழியிலும் வாங்கி அருகருகே விரித்து வையுங்கள். ஒளிச்சேர்க்கை, ஆவியாதல், உராய்வு என்ற சொற்களைத் தமிழில் படிக்கும்போது பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதைப் பிள்ளை உணர்கிறது. பிறகு ஆங்கிலச் சொல் வெறும் இன்னொரு பெயராக எளிதில் ஒட்டிக்கொள்கிறது. பின்னாளில் எந்த மொழியில் தேர்வெழுதினாலும் இந்த இரட்டைப் பயிற்சி கைகொடுக்கும். பணம் கொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு இதைத் தர முடியாது.

தொடக்க நிலைக்கு, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிநூல்களைப் பாருங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ப அடுக்கியிருப்பதால், ஒரே வீட்டில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருசேர உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அது வசதி. மாநில நூல்களின் குறை, உயர் வகுப்புகளில் செய்தி நெரிசல். எட்டாம் வகுப்பு அறிவியலை வரிக்கு வரி முடிக்க முயன்றால் பிள்ளைக்கு வெறுப்புதான் மிஞ்சும். பாடங்களைத் தேர்ந்து படியுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இலவசம். 2023லிருந்து புதிய நூல்கள் வகுப்புவாரியாக வந்துகொண்டிருக்கின்றன. ஆறாம் வகுப்புக் கணக்கு நூலான கணித பிரகாஷ், விடையைவிட வடிவங்களைத் தேடச் சொல்லும் விதத்தால் எனக்குப் பிடித்தது. பழைய மேத் மேஜிக் நூல்கள் கிடைத்தாலும் விடாதீர்கள். அதன் ஐந்தாம் வகுப்பு நூல் மீன்பிடிப் படகுகளைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகிறது; படகின் வேகம், பிடித்த மீனின் எடை, கருவாடு போடும் பெண்கள் வாங்கும் கடன் என்று பெரிய எண்களெல்லாம் உழைப்பின் கணக்காக வருகின்றன. கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ வளரும் பிள்ளைக்கு அது பாடமாகவே தோன்றாது.

அறிவியலுக்கு ஒரு நூல் வரிசையை மட்டும் அழுத்திச் சொல்வேன். மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் தொடக்க வகுப்புகளுக்கென உருவாக்கிய ஸ்மால் சயின்ஸ் வரிசை, பாடநூல், பயிற்சிநூல், ஆசிரியர் நூல் என்று மூன்றாக இணையத்தில் கிடைக்கிறது. மினி, அப்பு என்ற இரண்டு குழந்தைகளின் வழியாக நகரும் அந்த நூல் விடைகளைக் கொட்டுவதில்லை. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறது. ஆங்கிலத்தில்தான் படித்தோம், ஆனால் அதன் கேள்விகளைத் தமிழில் கேட்டே பாடம் நடத்தினேன். ஆசிரியர் நூலைத் தவறாமல் படியுங்கள், பெற்றோருக்கு அதுவே ஒரு பயிற்சி.

தமிழுக்கு நூல்

எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டியது இங்கேதான். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் உலகச் சந்தையே நூல் அனுப்பும். தமிழுக்கு நாமே படிப்படியாக அடுக்கிக்கொள்ள வேண்டும். வீட்டுவழியில் படித்த பிள்ளைகள் பலர் ஆங்கில நாவல்களை விழுங்கிக்கொண்டே தமிழில் பேருந்துப் பலகையைத் தடுமாறிப் படிப்பதைப் பார்க்கிறேன். அது பிள்ளைகளின் குற்றமன்று, தமிழுக்கான படிக்கட்டில் இடையிடையே படிகள் விடுபட்டதன் விளைவு.

முதல் படி எழுத்து. 247 எழுத்துகள் என்ற எண் பெற்றோரை மிரட்டுகிறது, ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் குறியீடுகளும் தெரிந்தால் மற்றவை சேர்க்கைதான். அகர வரிசையில் தொடங்காமல் ட, ப, ம, ய என்று கோடுகளால் ஆன எளிய வடிவங்களில் தொடங்கி, உடனடியாகப் படம், மடம், பட்டம் என்று சொல்லாக்கும் முறையைப் பின்பற்றும் நூலைத் தேடுங்கள். முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு சொல்லைப் படித்துவிடுகிறது. சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்வது மாண்டிசோரி முறை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, இந்நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அந்த எழுத்து அட்டைகளைக் கடையில் வாங்க வேண்டாம். உப்புத்தாளும் கத்தரிக்கோலும் இரண்டு மாலை வேளைகளும் போதும்.

இரண்டாம் படி சிறு நூல்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்துள்ளன. சிறிய வாக்கியங்கள், நம் தெருவில் நடக்கும் கதைகள். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாக உள்ளன, பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஆனால் அங்கே மொழிபெயர்ப்பின் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கிறது. ஒரு பக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; உங்கள் நாக்கே தடுமாறும் வாக்கியத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சென்னையில் உள்ள தூலிகாவின் இருமொழிப் படநூல்களும் நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் இந்தப் படியில் நம்பிக்கையோடு வாங்கத்தக்கவை.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 9 வயதுக்கு மேல் படநூல் போதாது, பெரியவர்களின் நூல் எட்டாது. இந்த இடைவெளிக்கு எங்களுக்கு உதவியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் வெளியிட்டுவரும் துளிர் மாத இதழ். ஒரே மூச்சில் படிக்கும் கட்டுரைகள், செய்து பார்க்கும் சோதனைகள், அடுத்த மாதம் இதழ் வரும் என்ற எதிர்பார்ப்பு, இவை ஒரு தடித்த நூலால் தர முடியாதவை. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல் வரிசையையும் பாருங்கள். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. அதன் தமிழ் நடைக்காகவே வாரம் ஒரு தலைப்பைப் படிக்கச் செய்கிறேன். அறிவியல் செய்திகளை மட்டும் இன்றைய நூலோடு ஒப்பிட வேண்டும். அது வெளிவந்தபோது புளூட்டோ ஒரு கோள், 2006க்குப் பின் அது குறுங்கோள். முன்பு அறிந்தது ஏன் மாறியது என்று தேடவைப்பதற்கும் அதுவே நல்ல வாய்ப்பாகிறது.

வெளிநாட்டில் வாழும் குடும்பங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்வியும் சான்றிதழ்ப் பாடங்களும் பயன்படும். ஒலியோடு இருப்பதால் உச்சரிப்பும் பழகும்.

வெளிநாட்டுத் தொகுப்புகளில் எதை எடுக்கலாம்

பரணுக்குப் போன தொகுப்பைப் பற்றிச் சொன்னதால் வெளிநாட்டு நூலே வேண்டாம் என்று பொருளில்லை. முழுத் தொகுப்பு வேண்டாம், முறையை எடுத்துக்கொள்ளலாம் என்பதே நான் கண்டது. சிங்கப்பூர்க் கணக்கு முறை முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்று செல்கிறது; சொற்கணக்குகளைப் பட்டைப் படமாக வரையக் கற்பிப்பதில் அதற்கு நிகராக நான் எதையும் காணவில்லை, அந்தப் பயிற்சிநூல் வாங்குவதற்குத் தகுதியானது. சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் வழியில், நல்ல நடையில் எழுதிய ஒரு பகுதியை ஒருமுறை படித்தவுடன் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவே இல்லை, எந்தத் தமிழ்க் கதைக்கும் பொருந்தும், பாட்டியிடம் கதை கேட்டு மறுநாள் தம்பிக்குச் சொன்ன பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல.

வாங்குவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். அளவைகள் அடியிலும் அங்குலத்திலும் பவுண்டிலும் உள்ளனவா, மெட்ரிக் பதிப்பு தனியாக உண்டா என்று பாருங்கள். பயிற்சிநூலில் எழுதிவிட்டால் இளைய பிள்ளைக்கு மறுபடியும் வாங்க வேண்டுமா என்று பாருங்கள். பிடிஎஃப் பதிப்பு என்றால் ஒரு குடும்பத்தின் பயன்பாட்டுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடும் உரிமை உண்டா என்பதை உரிமக் குறிப்பில் படியுங்கள். கணக்கு நூல் வெளியிடும் நிறுவனங்கள் பல தங்கள் தளத்தில் நிலையறியும் தாள்களை இலவசமாக வைத்திருக்கின்றன. அதைச் செய்து பார்க்காமல் எந்த நிலை நூலையும் வாங்காதீர்கள்.

கணக்கில் நம் மொழி தரும் உதவியையும் விட்டுவிடக் கூடாது. அரைக்கால் என்ற சொல்லே காலில் பாதி என்று சொல்லி, எட்டில் ஒன்று எப்படிப் பிறந்தது என்பதையும் காட்டிவிடுகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வரிசையை அரிசி அளந்து காட்டினால், பின்னத்துக்கென்று விற்கும் வண்ண அட்டைகளுக்குத் தேவை இருக்காது.

ஒரே பாடம், மூன்று நூல்

எந்த நூலையும் முழுதாக வாங்குவதற்கு முன் நான் செய்வது இது. ஒரு தலைப்பை எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்காட்டாகப் பின்னம். மாநிலப் பாடநூல், என்.சி.இ.ஆர்.டி., வாங்க நினைக்கும் நூலின் மாதிரிப் பக்கங்கள் ஆகிய மூன்றிலும் அந்தத் தலைப்பின் முதல் பாடத்தை மூன்று தனித்தனி நாள்களில், ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்கு மிகாமல் நடத்துகிறேன். நான்காம் நாள் நூல்களை மூடிவைத்துவிட்டு, பிள்ளையை வேறொருவருக்கு விளக்கச் சொல்கிறேன்.

மகளுக்கு இதைச் செய்தபோது, நான்கு சமபாகமாகக் கோடு போட்ட வட்டத்தில் மூன்றை வண்ணமடிக்கச் சொன்ன நூலில் அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். நான்காம் நாள் காலையில் தோசையை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் நான்காக வெட்டி, ஒரு பெரிய துண்டைத் தம்பி தட்டில் வைத்துவிட்டு, மீதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். முக்கால் என்றாள், தயக்கமே இல்லாமல். துண்டுகளை எண்ண அந்த நூல் கற்றுக்கொடுத்திருந்தது, சமம் என்பதைக் கற்றுக்கொடுக்கவில்லை. பாகத்தை வரைபவரும் பிள்ளையாகவே இருக்க வேண்டும், தாளை மடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்ட நூலை அன்று தேர்ந்தோம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருந்தால் முதல் நூலைத்தான் வாங்கியிருப்பேன், அதன் வண்ணங்கள் அவ்வளவு தெளிவானவை.

பாடத்தை நடத்தும்போது உங்களையும் கவனியுங்கள். 25 நிமிடப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் முன்தயாரிப்பு கேட்கும் நூல், சமையலும் அலுவலகமும் பார்க்கும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாது. நூலின் முதல் பாடத்தை மட்டும் பார்க்காமல் நடுப்பகுதியைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் கதையும் படமுமாக இருந்துவிட்டு நடுவில் வெறும் பயிற்சிப் பட்டியலாகிவிடும் நூல்கள் மிகுதி. பிள்ளை தவறு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். விடையை மட்டும் தரும் குறிப்பு, கற்பிக்கும் பெற்றோருக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

நேரில் பார்க்கும் இடங்கள்

சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதி பெரியது. ஒரு பகல் முழுதும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, எந்த நூலை இரண்டாவது முறை எடுக்கிறது என்று தள்ளி நின்று பாருங்கள். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியும் ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவும் பதிப்பகங்களிடமே நேரில் பேசி, அடுக்கில் இல்லாததைக் கேட்டு வாங்கும் இடங்கள். ஏற்கெனவே சில ஆண்டுகள் நடத்திய குடும்பங்களின் அலமாரியைப் பாருங்கள். அங்கே முனை மடங்கி அட்டை கிழிந்த நூல் எதுவோ அதைப் பற்றி விசாரியுங்கள். புதிதாகவே இருக்கும் நூலை ஏன் விட்டார்கள் என்றும் கேளுங்கள்.

வாங்கிய பிறகு

தொடக்கத்தில் ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கணக்குக்கு ஒன்று, தமிழ் எழுத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, இவற்றோடு வாசிக்க நிறையக் கதைகள் என்ற அளவு போதும். வரலாற்றுக்கும் புவியியலுக்கும் 10 வயது வரை பாடநூலே வைத்துக்கொள்ளவில்லை; சுவரில் ஒரு தமிழ்நாட்டு வரைபடமும் ஓர் உலக வரைபடமும் இருந்தன.

ஒவ்வொரு நூலின் உள்ளட்டையிலும் தொடங்கிய தேதியை எழுதிவையுங்கள். புதிய நூலைப் பிள்ளை முதல் வாரம் எதிர்ப்பது இயல்பு, அதற்காக மாற்ற வேண்டாம். மூன்று வாரத்துக்குப் பின்னும் அந்த நூலை எடுத்தவுடன் அழுகையோ வயிற்றுவலியோ வந்தால், பிள்ளையைத் திட்டாமல் நூலை இரண்டு மாதத்துக்கு ஒதுக்கிவைத்து, அதே தலைப்பை இலவச நூல்களிலிருந்து நடத்துங்கள். எங்கள் இளையவனுக்கு ஏழு வயதில் ஒதுக்கிய கணக்கு நூல் ஒன்றை, எட்டரை வயதில் அவனாகவே அலமாரியிலிருந்து எடுத்து நாலு மாதத்தில் முடித்தான். ஒதுக்கிய தேதியையும் அதே உள்ளட்டையில் குறித்திருந்ததால், அடுத்த நூலை எப்போது வாங்குவது என்பதற்கு அந்த இரண்டு தேதிகளே எனக்கு அளவாயின.